எல்லாம் அறிந்த தேவதூதனுக்குக் காதல் எப்படி வரும்?

வெண்ணிறகு:

அமானுஷ்யக் காதல் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் தேவதூதன். எமரியேல் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாயகி நிசி, நரகத்திலிருந்து அனுப்பப்பட்டவள். இருவரும் ஒரே காரியமாக ஒரே அறைக்கு வருகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கடிகாரம் பழுதுபார்த்த கிழவர் ஒருவர் சாகக் கிடக்கிறார். அவருடைய ஆன்மா யார் பக்கம் போகும் என்பதுதான் வழக்கு. கட்டிலின் வலப்பக்கம் அவன், இடப்பக்கம் இவள். கிழவர் போவதாகவும் இல்லை, எழுவதாகவும் இல்லை. அந்தக் காத்திருப்பில்தான் காதல் முளைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். பின்னிரவு. கிழவர் புரண்டதில் போர்வை நழுவிப் பாதங்கள் வெளியே தெரிகின்றன. நிசி எழுந்து போய்ப் போர்வையை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தைக் குதிகாலுக்கு அடியில் செருகி, திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு இதில் ஆதாயம் எதுவும் கிடையாது, நஷ்டம்தான். குளிரில் விறைத்து, கவனிக்க நாதியில்லை என்று கிழவர் மனம் கசந்தால்தான் அவர் இவள் பக்கம் சாய்வார். வந்த வேலையில் குறியாக இருப்பவள் அந்தப் போர்வையைத் தொட்டிருக்கவே மாட்டாள். எமரியேல் அதைப் பார்க்கிறான். அங்கே தொடங்குகிறது எல்லாம்.

கைப்பிரதியின் முதல் பாதியைச் சில நண்பர்களிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாருக்கும் நிசியைப் பிடித்திருக்கிறது. எமரியேலைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி. "அவன் எல்லாம் அறிந்தவன் ஆயிற்றே, பிறகு எதற்காக அவன் ஏங்க வேண்டும்? எதற்குப் பயப்பட வேண்டும்? அவளுக்கு என்ன மனது என்று அவனுக்குத்தான் தெரியுமே?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. காதல் கதையின் உயிரே "அவளுக்கும் என்னைப் பிடிக்குமா" என்ற தவிப்பில்தான் இருக்கிறது. தவிப்பில்லாத நாயகனை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் எப்படி ஓட்டுவது?

அவர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். கடைசியில் அவனுடைய சிறகுகளை வெட்டி மனிதனாக்கிவிடு, தியாகம் முடிந்தது என்பது ஒன்று. அவனுடைய அன்பால் நிசி திருந்தி வெண்ணிற ஆடை அணிந்து வானுலகம் போகட்டும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. சிறகை வெட்டுவது உடம்புக்கு நேரும் காயம். காதலுக்காக அவன் உள்ளே எதை இழந்தான் என்பதற்கு அது பதிலாகாது. நிசியை வெளுத்துத் துவைத்து எடுத்துவிட்டால், அவளுடைய கூர்மையும் கோபமும் போனபின், அவன் யாரைக் காதலித்தான் என்றே தெரியாமல் போய்விடும்.

முடிவில் இருவரும் சேர வேண்டும். அதில் நான் உறுதியாக இருக்கிறேன். யார் மாற வேண்டும், எதைக் கொடுத்துச் சேர வேண்டும் என்பதில்தான் உங்கள் யோசனை தேவை. மறைநூல்களிலும் பழைய கதைகளிலும் இதற்குப் பிடி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கடைசிப் பக்கம்:

நான் எழுதுபவள் அல்ல, படிப்பவள். இந்த வகை நாவல்களைத் தேடித் தேடிப் படிப்பவள் என்பதால் ஒரு வாசகியாக மட்டும் சொல்கிறேன்.

முதலில், முடிவில் அவர்களைச் சேர்க்கிறீர்கள் என்பதற்கு நன்றி. காதல் நாவல் என்று அட்டையில் போட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் ஒருவரைக் கொன்றுவிடுவது வாசகருக்குச் செய்யும் நம்பிக்கைத் துரோகம். துயரக் காவியம் எழுதலாம், தாராளமாக எழுதலாம், அட்டையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, வானுலகப் போர். தயவுசெய்து அதைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கதையில் பாதிக்கு மேல் திடீரென்று படைத்தளபதிகள் வருவார்கள், எரியும் வாள்கள் வரும், ஏழு முத்திரைகள் வரும், உலகை அழிக்கவோ காக்கவோ ஒரு குழந்தை பிறக்கும் என்று தீர்க்கதரிசனம் வரும். காதலர் இருவரும் ஆளுக்கொரு போர்முனையில் நிற்பார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் அவர்கள் மறுபடி சந்திக்கும் இடத்தில்தான் நான் நிறுத்துவேன். உங்கள் கதையில் ஒரு கட்டில், மூன்று பேர். அதுவே போதும். வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

போர்வை இடம் அருமை. அதைப் படித்ததும் நிசியைப் பற்றி எனக்கு ஆயிரம் கேள்விகள் எழுந்தன. எமரியேலுக்கும் அவை எழ வேண்டும். எனக்கு எழுந்தது அவனுக்கு எழவில்லை என்றால் அவனோடு நான் எப்படிச் சேர்ந்து நடப்பது?

ஏட்டுச்சுவடி:

வெண்ணிறகு, உங்கள் நண்பர்களின் கேள்வி "எல்லாம் அறிந்தவன்" என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணியைப் பிடுங்கிவிடலாம். தேவதூதர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று மரபு சொல்லவில்லை.

மத்தேயு நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசி நாளும் நாழிகையும் வானத்துத் தூதர்களுக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்கிறார். பேதுருவின் முதல் கடிதத்தின் தொடக்க அதிகாரத்தில், மனிதருக்கு அறிவிக்கப்பட்ட காரியங்களை உற்றுப் பார்க்கத் தூதர்களும் ஆசைப்படுகிறார்கள் என்று வருகிறது. தூதர்கள் ஆசைப்படுகிறார்கள்! எட்டிப் பார்க்க விரும்புகிறார்கள்! உங்கள் நாயகனுக்கு ஏக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்டீர்களே, இதோ மறைநூலிலேயே இருக்கிறது.

இதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னது. தேவதூதர்களைப் பற்றி அவரளவுக்கு நுணுக்கமாக யோசித்தவர்கள் குறைவு. தம்முடைய பெருநூலின் முதல் பாகத்தில் 50 முதல் 64 வரையிலான வினாக்களை முழுக்க அவர்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறார். அதில் 57-ஆவது வினாவில் ஒரு கேள்வி: ஒருவர் உள்ளத்தில் இருக்கும் இரகசியம் தேவதூதனுக்குத் தெரியுமா? தெரியாது என்கிறார் அவர். உள்ளத்தைக் கடவுள் ஒருவரே அறிவார். தூதன் வெளி அடையாளங்களைப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். வைத்தியர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தே மனக்கிளர்ச்சியைக் கண்டுகொள்வதில்லையா, தூதன் அதையே இன்னும் கூர்மையாகச் செய்வான் என்று அவர் விளக்குகிறார். பிசாசுகளுக்கும் இதே எல்லைதான்.

இப்போது போர்வைக் காட்சிக்கு வாருங்கள். அந்தக் கம்பளி என்ன எடை, கிழவருக்கு மீதியிருக்கும் மூச்சு எவ்வளவு என்பதெல்லாம் எமரியேலுக்குத் தெரிந்திருக்கட்டும். அவள் ஏன் எழுந்து போனாள் என்பது மட்டும் தெரியாது. படைக்கப்பட்ட நாள் முதல் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிராத ஒருவன் இப்போது வாய்திறந்து கேட்டாக வேண்டும். கேட்டால் அவள் பொய்யும் சொல்லலாம். அதுவும் அவனுக்குத் தெரியாது. நிசியின் நிலையும் இதேதான். மனிதர்களின் பலவீனத்தை முகத்தைப் பார்த்தே படித்துவிடுகிறவள், எதிரே உட்கார்ந்திருக்கும் இவனைப் படிக்க முடியாமல் திணறுவாள். இந்த வகை நாவல்களில் ஒரு பெரிய தொல்லை உண்டு: அழிவற்ற ஒருவன், அவனுக்கு எதிரே ஒன்றும் அறியாத ஒரு பெண். எல்லா அதிகாரமும் ஒரே தட்டில் குவிந்துவிடும். உங்கள் கதையில் இருவரும் சரிசமமாக இருட்டில் இருக்கிறார்கள். இந்த நல்ல வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, என்ன இழக்கிறான் என்ற கேள்வி. 64-ஆவது வினாவைப் பாருங்கள். மனிதன் ஒன்றிலிருந்து இன்னொன்றாகத் தட்டுத்தடுமாறி யோசிப்பவன். அதனால் முடிவெடுத்த பிறகும் மனம் மாறுவான். தூதன் ஒரே பார்வையில் முழுவதையும் கிரகிப்பவன். ஆகவே அவன் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் அது நிலைத்துவிடும், திரும்ப வழியில்லை. மனிதருக்குச் சாவு எப்படியோ அப்படித் தூதருக்கு வீழ்ச்சி என்று, 8-ஆம் நூற்றாண்டு தமாஸ்கஸ் யோவானின் கருத்தையும் அங்கே துணைக்கு அழைக்கிறார்.

இதைக் காதலுக்குப் பொருத்திப் பாருங்கள். எமரியேலுக்குத் "தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், சரிவராவிட்டால் விலகலாம்" என்பதே கிடையாது. காதலிக்கிறேன் என்று ஒருமுறை அவன் உள்ளம் சம்மதித்துவிட்டால், அவள் மறுத்தாலும் ஏமாற்றினாலும் சிரித்துவிட்டுப் போனாலும் அவன் அதிலிருந்து மீள முடியாது. எல்லாக் காலத்துக்கும் அப்படியே இருப்பான். மனிதக் காதலனுக்குக் காலம் மருந்து போடும், அவனுக்கு அந்த மருந்து இல்லை. சிறகை வெட்டுவதைவிட இது பெரிய விலை அல்லவா? ஆகவே அவனை இப்படியும் அப்படியும் ஊசலாட விடாதீர்கள். ஒரே ஒரு கணம், அதற்கு முன்னால் நீண்ட தயக்கம். அந்தத் தயக்கம் எத்தனை அத்தியாயம் நீண்டாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார், ஏனென்றால் எதன் விளிம்பில் அவன் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும்.

சிறகு பற்றியும் ஒரு வார்த்தை. ஏசாயா 6-ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் என்ற வானுலகத் தூதர்களுக்கு ஆறு சிறகுகள். இரண்டு முகத்தை மூட, இரண்டு பாதங்களை மூட, மீதி இரண்டுதான் பறக்க. பறப்பதற்கு இருப்பதைவிட மறைப்பதற்கு இருப்பவை இரு மடங்கு. அப்படிப்பட்டவன் ஒரு பெண்ணின் எதிரில் முகத்தை மூடிய சிறகுகளை விலக்குகிறான் என்றால் அது எவ்வளவு பெரிய செய்கை! நிசி கிழவரின் பாதங்களை மூடுகிறாள் என்பதும் இதோடு எவ்வளவு இயல்பாகச் சேர்கிறது பாருங்கள். வெட்டு, இரத்தம் எதுவும் இல்லாமலே ஒரு காட்சி உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக ஏனோக்கு நூல் என்ற பழைய யூத நூல். தேவதூதர் மனிதப் பெண்களைக் காதலித்த கதையின் ஊற்று ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள். ஏனோக்கு நூல் அதை விரித்துச் சொல்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை இன்றும் அதை மறைநூலாகவே வைத்திருக்கிறது. சாக்கடல் அருகே உள்ள கும்ரான் குகைகளில் அதன் அரமேய மொழித் துணுக்குகளும் கிடைத்திருக்கின்றன. அதில் 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவனுக்கு ஒரு பயம்: நீங்கள் எல்லாரும் பின்வாங்கிவிட்டால் இந்தப் பாவத்தை நான் ஒருவனே சுமக்க வேண்டிவருமே என்கிறான். உடனே எல்லாரும் சேர்ந்து சாபத்தோடு ஆணையிட்டுக்கொள்கிறார்கள். தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் தேவதூதனுக்கும் இருக்கிறது. எமரியேலுக்கு அந்த 200 பேரின் துணை கிடையாது, அவன் தனியாகத்தான் இறங்க வேண்டும்.

அதே நூலின் 15-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு காரணம் சொல்கிறார். மனிதர் சாகிறவர்கள், சந்ததி வேண்டும், அதனால் அவர்களுக்கு மனைவியரைக் கொடுத்தேன். நீங்கள் சாவில்லாதவர்கள், அதனால் உங்களுக்குக் கொடுக்கவில்லை என்கிறார். உங்கள் நாவல் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சாகாத இருவருக்குக் காதல் எதற்கு? அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் கட்டிலில் கிடக்கிறார். கிழவரைப் பேச விடுங்கள். அவர் இழந்த மனைவி, அவர் செய்யாமல் விட்ட மன்னிப்பு, ஏதோ ஒன்று அவரிடம் இருக்கத்தான் செய்யும். இதுவரை நீங்கள் சொன்னதில் அவர் வழக்குப் பொருளாக மட்டுமே இருக்கிறார்.

தீக்குச்சி:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதை ஆர்வமாகப் படித்தேன். எமரியேல் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் "தேர்ந்தால் திரும்ப வழியில்லை" என்ற விதியை வைத்தால் அது நிசியையும் பிடிக்குமே. அவளும் ஒருகாலத்தில் தூதியாக இருந்து விழுந்தவள்தானே? விழுந்தவளுக்கு மாற்றமே இல்லை என்றால் போர்வையை அவள் எப்படி இழுத்துவிட்டாள்? கதையின் உயிர்நாடியே அங்கே அறுந்துவிடும்.

இதற்கும் மரபில் வழி இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நீசாவின் கிரகோரி, திருச்சபை புனிதராகப் போற்றும் ஆள், தீமையைக் கண்டுபிடித்தவனும்கூட, அதாவது சாத்தானும்கூட, கடைசியில் குணமடைவான் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால் வாழ்ந்த இறையியலாளர் ஓரிகனின் பெயரோடும் எல்லாம் இறுதியில் கடவுளிடம் திரும்பும் என்ற எண்ணம் சேர்த்துப் பேசப்படுகிறது. 6-ஆம் நூற்றாண்டில் அது கண்டிக்கப்பட்டது உண்மை. கண்டிக்கப்பட்ட நம்பிக்கைக்கும் நாவலில் இடம் உண்டு. அக்குவினாஸ் விதிப்படி எமரியேலும் கிரகோரியின் நம்பிக்கைப்படி நிசியும் நடக்கட்டும். இரண்டும் மோதும் இடத்தில் கதை சூடாகும்.

ஆனால் நான் எழுத வந்த காரணம் வேறு. பிசாசின் காதல் என்றால் அது உடைமை என்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சில திருச்சபைகள் மட்டும் விவிலியத்தில் சேர்த்திருக்கும் தோபித்து நூலைப் படித்திருப்பீர்கள். சாராவுக்கு ஏழு முறை மணமாகிறது. ஏழு மணமகன்களையும் முதலிரவிலேயே அஸ்மோதேயு என்ற பிசாசு கொன்றுவிடுகிறது. கிரேக்கப் பிரதி ஒன்று, பிசாசு அவளைக் காதலிக்கிறது என்றே காரணம் சொல்கிறது. அவளை ஒன்றும் செய்யாது, நெருங்குகிறவர்களைத்தான் கொல்லும். அந்தப் பெண் வீட்டு வேலைக்காரியின் பழிச்சொல் தாங்காமல் சாக நினைக்கிறாள். யாருக்கு வேண்டும் இந்தக் காதல்? இதையேதான் இன்றும் பல நாவல்கள் அழகான முகம் ஒன்றை ஒட்டி விற்கின்றன. பின்தொடர்கிறான், சுவரோடு சேர்த்து நிறுத்துகிறான், அவளைப் பார்த்தவன் கண்ணைப் பிடுங்குகிறான், அது ஆழமான அன்பாம். அந்த இடம் வந்ததும் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். அன்பு என்ற பெயரில் வரும் அச்சுறுத்தலை இளம் வயதில் படிக்கிறவர்கள் எத்தனை பேர்! எழுதுகிறவர்களுக்கு இதில் பொறுப்பு இருக்கிறது.

ரஷ்யக் கவிஞர் லேர்மன்தவின் நெடுங்கவிதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பதின்வயதிலேயே தொடங்கிப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதியது. 1841-இல் 26 வயதில் அவர் இறந்தபோதும் அது முழுமையாக அச்சில் வந்திருக்கவில்லை. அதில் பிசாசு தமாரா என்ற பெண்ணிடம் மன்றாடுகிறது: உன் அன்பு கிடைத்தால் நான் தீமையைக் கைவிடுவேன், மறுபடி நல்லவனாவேன் என்று ஆணையிடுகிறது. அவள் இரங்குகிறாள். ஒரு முத்தம், அவள் செத்துவிடுகிறாள். அவள் ஆன்மாவைத் தேவதூதன் எடுத்துப் போகிறான், பிசாசு பழையபடி தனியாக நிற்கிறது. "நீ காதலித்தால் நான் திருந்துவேன்" என்ற பேச்சில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்பதை அந்த இளைஞர் அவ்வளவு சிறு வயதிலேயே கண்டுகொண்டார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நிசி எமரியேலுக்காக நல்லவளாகக் கூடாது. போர்வையை இழுத்துவிட்டபோது அவன் பார்க்கிறான் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அது அவளுடையது, அவளுக்குள்ளிருந்து வந்தது. காதல் அதைக் கண்டுகொண்டது, அவ்வளவே. திருத்தியது காதல் அல்ல. இந்த வரிசை மாறினால் கதை கெட்டுவிடும்.

பிறைநிலா:

சிறு குறிப்பு. எல்லா மரபுகளையும் ஒன்றாகக் கலக்கிவிடாதீர்கள். இஸ்லாமிய நம்பிக்கையில் வானவர்கள், அதாவது தேவதூதர்கள், இறைக் கட்டளையை மீறவே மாட்டார்கள். ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸ், ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்று குர்ஆனின் 18-ஆம் அத்தியாயம் சொல்கிறது. அவன் நெருப்பால் படைக்கப்பட்டவன், மறுக்கும் விருப்பம் உள்ளவன். ஆக அங்கே "வீழ்ந்த வானவர்" என்ற கருத்துக்கே பொதுவாக இடமில்லை. உங்கள் நாவலில் வீழ்ச்சி உண்டு, மீறல் உண்டு. அப்படியானால் ஏனோக்கு, தோபித்து வழியிலேயே நின்றுவிடுங்கள். நடுவில் ஒரு ஜின்னைக் கொண்டுவந்தால் விதி குழம்பும், விதி குழம்பினால் யார் எதை இழந்தார்கள் என்பதும் மங்கிவிடும்.

வெண்ணிறகு:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஏட்டுச்சுவடி ஐயா, உள்ளத்தை அறிய முடியாது என்ற அந்த ஒன்றைப் படித்ததும் எழுந்து போய்க் கைப்பிரதியை எடுத்துவிட்டேன்.

போர்வைக் காட்சியை நீட்டி எழுதியிருக்கிறேன். எமரியேல் கேட்கிறான்: "ஏன் மூடினாய்?" நிசி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "கால் குளிர்ந்தால் தூக்கம் வராது" என்கிறாள். அது உண்மையா, பொய்யா, பாதி உண்மையா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாடி பார்க்கும் வைத்தியரைப் போல அவளுடைய மணிக்கட்டில் விரலை வைக்கிறான். அங்கே துடிப்பே இல்லை. இருவருக்கும் இருப்பது தோற்ற உடம்புதான். இரவலாக எடுத்த உருவத்தில் நாடி எங்கிருந்து வரும்? கையை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் எடுக்கவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. இதுவே அவர்களின் முதல் தொடுகை. தோபித்து நூலில் ரபேல், நான் உண்ணவும் இல்லை பருகவும் இல்லை, நீங்கள் கண்டது காட்சியே என்று கடைசியில் சொல்லும் இடம் எனக்கு இதில் உதவியது.

தீக்குச்சி, நீங்கள் சொன்ன வரிசை அப்படியே இருக்கும். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. அவள் தீமையை விடுவதற்கான காரணமாக அவன் இருக்க மாட்டான். கிழவரை விட்டுக்கொடுப்பது என்று அவள் முடிவெடுக்கும் அத்தியாயத்தில் அவன் அறையிலேயே இல்லாமல் செய்துவிடுகிறேன். அவன் வந்து பார்க்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

கிழவருக்கும் குரல் கிடைத்துவிட்டது. மனைவி இறந்த அன்று நின்றுபோன கடிகாரம் ஒன்றை அவர் பழுதுபார்க்காமலே வைத்திருக்கிறார். தொழில் தெரிந்த கை, ஒரு மாலைப் பொழுதில் ஓட வைத்துவிடலாம். ஏன் செய்யவில்லை என்று எமரியேல் கேட்கிறான். (நிசியிடம் கேட்டுப் பழகியபின் அவனால் கேட்காமல் இருக்க முடிவதில்லை.) கிழவர் சொல்லும் பதிலை இன்னும் எழுதவில்லை. அதற்கு அவசரப்படப் போவதில்லை.

முடிவு இப்படி. கிழவர் யார் பக்கமும் இழுக்கப்படாமல் தானாகவே தன் முடிவை எடுத்துப் போகிறார். இருவருக்கும் அங்கே வேலை முடிந்தது. ஆனால் அவன் மேலேயும் அவள் கீழேயும் கணக்குக் கொடுக்கத் திரும்பவில்லை. அடுத்த வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கிறார், அங்கே போகிறார்கள், இம்முறை ஒரே பக்கம் உட்காருகிறார்கள். அவன் சிறகு அவனிடமே இருக்கிறது, அவள் கோபம் அவளிடமே இருக்கிறது. மேலும் கீழும் யாராவது தேடி வருவார்களா என்பது இரண்டாம் பாகத்துக்கு.

இன்னும் ஒரு சந்தேகம் மட்டும். எமரியேலுக்கு மேலதிகாரியாக மிக்கேலையோ கபிரியேலையோ கொண்டுவரலாமா? கொஞ்சம் கண்டிப்பான, இரக்கம் குறைந்த பாத்திரம் அது.

ஏட்டுச்சுவடி:

வேண்டாம் என்பேன். எல்லாத் திருச்சபைகளும் பொதுவாக ஏற்கும் விவிலிய நூல்களில் பெயர் சொல்லி வரும் நல்ல தூதர்கள் அந்த இருவர்தான். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற மூன்று சமயங்கள் அவர்களைப் போற்றுகின்றன. தோபித்தை ஏற்பவர்களுக்கு ரபேலும் உண்டு. இந்தப் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டு தூங்கப் போகிறவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுடைய மிக்கேலை நீங்கள் கல்நெஞ்சனாக்கினால், அந்தப் பக்கத்துக்குப் பிறகு கதை அவர்கள் மனதில் ஏறாது. மேலதிகாரிக்குப் பெயரே வைக்காமல் விடுங்கள், குரலாக மட்டும் வரட்டும். கண்டிப்பு அதிலேயே கூடுதலாகத் தெரியும்.

எமரியேல் என்ற பெயர் நன்றாக இருக்கிறது, மாற்றாதீர்கள். நிசியின் பெயர் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஏனோக்கு நூலில் இறங்கி விழுந்த தூதர்களின் பட்டியலில் கோகபியேல், பாராகியேல் என்று நல்ல தூதர்களுக்கு இருப்பது போலவே முடியும் பெயர்கள் வருகின்றன. வீழ்ந்த பிறகும் அந்தப் பெயர்கள் அவர்களிடமே தங்கிவிட்டன. நிசி விழுந்தவள் என்று வைத்துக்கொண்டால் அவளுக்கும் அப்படி ஒரு பழைய பெயர் இருக்க வேண்டும். அதை எமரியேல் எந்த அத்தியாயத்தில் கேட்கிறான், அவள் சொல்கிறாளா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு இரண்டாம் பாதியைத் தொடங்குங்கள்.